ஜாதகம் தொலைத்த ஜீப்!

"மாப்ளே... நம்ம ஜீப்போட ஜாதகத்தைக் காணலைடே!"

காலை ஆறரை மணிக்கு ஒருவர் போன் பண்ணி இப்படிச் சொன்னால் என்ன நினைப்பீர்கள்? கூடங்குளத்தில் மச்சானுக்கு முந்தின நாள் வெயில் உச்சந்தலையில் இறங்கிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

விஷயம் அதுவல்ல. மச்சானின் அப்பா, அதாவது என் மாமா, வாங்கி ஓட்டிய பழைய ஜீப் ஒன்று பத்து வருஷத்துக்கு மேல் ஷெட்டில் கோழி அடைகாக்க உதவிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து, தட்டி, துரு எடுத்து, திரும்ப ஓட வைக்கக் கிளம்பியிருந்தார் மச்சான். இன்ஜின் ஓடிவிட்டது. பிரேக் பிடித்துவிட்டது. ஆனால் பானட்டுக்கு உள்ளே, ஃபயர்வாலில் ரிவெட் அடித்திருக்க வேண்டிய தகடு, சேஸிஸ் நம்பர் போட்ட தகடு... காணோம்! நாலு ஓட்டை மட்டும் இருக்கிறது.

"நீதான் பத்திரிகையில எல்லாம் எழுதுதியே. பி.காம் வேற படிச்சிருக்க. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ."

பி.காம் படித்து, பத்திரிகையிலும் எழுதினால் இன்கம்டாக்ஸ் முதல் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை எல்லாம் தெரிந்திருக்கும் என்று எங்கள் சொந்தக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன் என்று மறுநாளே பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பிவிட்டேன்.

நெல்லையிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். தாமிரபரணியின் பச்சை நாங்குநேரி வருவதற்குள்ளேயே சுருதி குறைந்துவிடும். வள்ளியூரில் கிழக்கே திரும்பினால் செம்மண், பனை, உடைமரம். அப்புறம் காற்றாலைகள், எண்ணி முடியாது. மேற்கே மகேந்திரகிரி மலை கைகட்டி நிற்க, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று பஸ்ஸை ஒரு தள்ளு தள்ளும். ஆனி, ஆடியில் போனால் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறபோது நீங்கள் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். முன்னால் இருந்த பெரியவர் விட்டுவிட்டார். அவருடைய டிக்கெட் ராதாபுரத்துக்கு அவருக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருக்கும்.

கூடங்குளம் நெருங்கும்போது பனைமரத் தலைகளுக்கு மேலே அணுமின் நிலையத்தின் கும்மட்டங்கள் தெரிகின்றன. பின்சீட்டில் ஒரு பையன் இந்தியில் அம்மாவோடு போனில் சண்டை போட்டுக்கொண்டு வந்தான். மூன்று முதல் ஆறு வரை யூனிட்டுகள் கட்டுகிற வேலை நடப்பதால் ஊரில் பாதி முகங்கள் வடக்கத்தி முகங்கள். டீக்கடையில் ரசவடைக்குப் பக்கத்தில் சப்பாத்தி, தால்.

மச்சான் வீட்டுக்குள் நுழைந்தேன். கரன்ட் இல்லை. நாட்டுக்கே மின்சாரம் அனுப்புகிற ஊரில்!

"ஃப்யூஸ் போயிட்டு மருமவனே, வேற ஒண்ணுமில்ல" என்றார் அத்தை, பனையோலை விசிறியை நீட்டியபடி.

அந்த ஜீப்பின் கதையைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு இந்தத் தகட்டு விவகாரம் புரியாது.

1988 நவம்பர் 20. டெல்லியில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இங்கே ஊரில் ஒரே பேச்சு: "ரஷ்யாக்காரன் வாரான்!" ரஷ்யாக்காரன் வந்தால் ரோடு வரும், ரோடு வந்தால் கான்ட்ராக்ட் வரும், கான்ட்ராக்ட் எடுக்க ஜீப் வேண்டும். மாமா கணக்குப் போட்டார். அடுத்த வருஷமே ஒரு துண்டு பனங்காட்டையும் அத்தையின் ஆறு பவுன் சங்கிலியையும் விற்று, 1974 மாடல் மஹிந்திரா ஜீப் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கிவிட்டார். அத்தையைச் சமாதானப்படுத்த ஒரு வாக்கும் கொடுத்தார்: "முதல் ட்ரிப்பு உன்ன வச்சி உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்குத்தான்."

1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. கூடங்குளம் வேலை அப்படியே நின்றது. உலக சரித்திரத்தில் அந்த நிகழ்ச்சியால் கழுத்துச் சங்கிலியை இழந்த ஒரே பெண்மணி எங்கள் அத்தையாகத்தான் இருப்பார்.

நல்லவேளை, பின்னாலேயே காற்றாலைகள் வந்தன. மாமா அதற்கு அஸ்திவாரம் தோண்ட ஆள் கூட்டிப் போனார். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் செய்த மாதிரி பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் மாட்டினார், அதை ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றினார். உப்புக்காற்றில் பாடி இற்றுப் போனபோது நாகர்கோவில் பக்கம் புது பாடி கட்டினார். அந்தத் தகடு பழைய பாடியோடு பழைய இரும்புக்காரனிடம் போனது அப்போதுதான் என்பது மச்சானின் யூகம்.

1998-ல் ரஷ்யாவோடு மறுபடி ஒப்பந்தம். 2002 மார்ச்சில் கான்கிரீட் விழுந்தது. மாமா எதிர்பார்த்த கான்ட்ராக்ட் பதிமூன்று வருஷம் லேட்டாக வந்தது! 2011-ல் இடிந்தகரைப் பந்தலில் போராட்டம் பெரிதானபோது வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. மாமா உலைக்கு ஆதரவு. அத்தை பந்தலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். ராத்திரி ஒரே சட்டியில் குழம்பு. 2013 அக்டோபரில் முதல் யூனிட்டின் மின்சாரம் வெளியே போனதை மாமா பார்த்தார். அடுத்த வருஷம் ஆர்.சி. காலாவதியானது, மாமாவுக்குக் கண்ணில் ஆபரேஷன். ஜீப் ஷெட்டுக்குள் போனது. மூன்று வருஷம் முன்பு மாமாவும் போய்ச் சேர்ந்தார்.

உவரி ட்ரிப்? ஒரு வைகாசி விசாகத்துக்குக் கிளம்பி, பாதி வழியில் ரேடியேட்டர் பொங்கி, அத்தை யாரோ ஒருவரின் மாட்டு வண்டியில் வீடு திரும்பியதோடு சரி.

"அந்த வண்டியில ஒரு தடவ உவரிக்குப் போயி இறங்கிட்டா போதும் மருமவனே" என்றார். அத்தைக்கு வயது எழுபத்தாறு. சர்க்கரை இருக்கிறது. முழங்கால் இரண்டும் ஒத்துழையாமை இயக்கத்தில் இருக்கின்றன.

மச்சானின் அவசரம் இப்போது புரிகிறதல்லவா?

ஷெட்டுக்குப் போனோம். பானட் உயரமாக, மூக்கு விடைத்த மாதிரி நிற்கிற சி.ஜே-3பி மாடல். அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1953-ல் கொண்டுவந்தது. இன்ஜின் உயரம் கூடிப் போனதால் பானட்டையும் தூக்கி வைத்துவிட்டார்கள். அங்கே 1968-ல் அதற்கு மூடுவிழா. நம்ம ஊரில் மஹிந்திரா விடாமல் செய்துகொண்டிருந்தது. மஹிந்திராவுக்கே ஒரு தகட்டுக் கதை உண்டு. 1945-ல் ஆரம்பித்தபோது கம்பெனி பெயர் மஹிந்திரா அண்டு முகமது. பங்குதாரர் குலாம் முகமது பிரிவினையின்போது பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சராகிவிட்டார். 1948-ல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று பெயர்ப்பலகையை மாற்றினார்கள். எம் அண்டு எம் மட்டும் அப்படியே தப்பித்தது.

ஷெட்டில் மேஸ்திரி டார்ச்சை அடித்துக் காட்டினார். ஃபயர்வாலில் நாலு ஓட்டை. டாஷ்போர்டில் கியர் படம் போட்ட தகட்டுக்கும் ஓட்டை மட்டும்தான்.

"இதுக்கா அண்ணாச்சி மெட்ராஸுக்கும் டெல்லிக்கும் போன் போட்டியோ? தகடு நாளைக்கே வரும். நம்பர் பஞ்ச் என்கிட்ட கெடக்கு. ஆர்.சி.யப் பாத்து டொக்கு டொக்குனு அடிச்சா சோலி முடிஞ்சுது" என்றார் மேஸ்திரி.

சின்ன மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். வரிசையாக எஃகுத் துண்டுகள், நுனியில் ஒவ்வொரு எண். எண்ணிப் பார்த்தேன், ஒன்பதுதான். "ஒண்ணு குறையுதே?" என்றேன். மேஸ்திரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆறைக் கவுத்தா ஒம்பது சார்." (பி.காம்!)

எனக்கு மட்டும் அடிவயிற்றில் லேசாகப் புளி கரைத்தது. வள்ளியூரில் ரிட்டையரான பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவரைத் தெரியும். சர்க்காரில் அந்த வேலைக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் என்று பெயர். நம் ஜனங்களுக்கு என்றைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். சாயங்காலம் மச்சானின் பைக்கில் அவர் வீட்டுக்குப் போனோம்.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "தம்பி, வீட்டு வாசல்ல பேர்ப்பலகை களவு போனா வீடு கைமாறிடுமா? பத்திரத்தைத்தான பாப்பாங்க? தகடு பேர்ப்பலகை. சேஸிஸ் சட்டத்துல அடிச்சிருக்கற நம்பர்தான் பத்திரம்."

1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 122-வது விதியை ஒப்பித்தார். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், தயாரித்த மாதம் எல்லாம் வண்டியிலேயே பொறித்திருக்க வேண்டும். ஒட்டினது கழன்றுவிடும். பொறித்தது நிற்கும்.

இதற்கு அவர் சொன்ன உதாரணம் எனக்குப் பிடித்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்காக ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகளை வில்லிஸ், ஃபோர்டு என்று இரண்டு கம்பெனிகள் செய்தன. இரண்டும் ஒரே அச்சு. க்ளவ்பாக்ஸ் கதவில் மூன்று தகடுகள். எந்த கியரில் எவ்வளவு வேகத்துக்கு மேல் போகாதே என்று ஒரு தகடு சிப்பாய்க்குப் புத்தி சொல்லும். சேஸிஸ் நம்பர் விஷயத்தில்தான் இரண்டு கம்பெனிக்கும் வித்தியாசம். வில்லிஸ், நம்பரைத் தகட்டில் அடித்து, தகட்டைச் சட்டத்தில் ரிவெட் பண்ணியது. ஃபோர்டு நேராகச் சட்டத்திலேயே அடித்தது. இன்றைக்கு வில்லிஸ் ஜீப் வைத்திருக்கிறவர் தகடு விழுந்துவிட்டால் தவிக்கிறார். ஃபோர்டுக்காரர் சேற்றைத் துடைத்தால் போதும், நம்பர் பல்லைக் காட்டுகிறது.

"சரி சார், நம்பர் சட்டத்துல இருக்குன்னே வச்சிக்குவோம். அதையே புதுத் தகட்டுல அடிச்சு மாட்டினா என்ன தப்பு?" என்றேன்.

"திருடனும் அதைத்தான் பண்ணுவான். எங்கேயோ ஒரு ஜீப் செத்துப் போச்சு. அதோட பேப்பரையும் தகட்டையும் வாங்குவான். களவாண்ட வண்டியில தகட்டை மாட்டுவான். செத்தவன் ரேஷன் கார்டுல உயிரோட இருக்கறவன் அரிசி வாங்கற மாதிரி. நாளைக்கு செக்கிங்ல நிக்கும்போது, புதுத் தகடு, புது ரிவெட், பஞ்ச் எழுத்து கம்பெனி எழுத்து மாதிரி இல்ல. பாக்கறவனுக்கு நீங்க யாருன்னு தெரியுமா? அத்தை, உவரி, நேர்த்திக்கடன்னு கதை சொல்லிட்டு இருப்பீங்களா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"சட்டத்து நம்பரை ராவி எடுத்துட்டா?" என்று கேட்டு வைத்தேன், சும்மா ஒரு பொது அறிவுக்காக.

"ராவினாலும் போகாது." பஞ்ச் இரும்பில் இறங்கும்போது எழுத்து மட்டும் பள்ளமாவதில்லையாம். அதற்கு அடியில் இருக்கிற இரும்பும் நசுங்கி இறுகிப் போகிறது. மேலே வழவழவென்று தேய்த்தாலும் அடியில் அந்த நசுங்கல் இருக்கும். தடய அறிவியல் லேபில் பாலிஷ் போட்டு ஆசிட் கரைசல் தடவுவார்கள். நசுங்கின இரும்பும் நசுங்காத இரும்பும் ஆசிட்டுக்கு ஒரே மாதிரி வளைந்து கொடுப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் பழைய நம்பர் ஆவி மாதிரி எழுந்து வருமாம்!

முழுசாக அரித்துப் போய்ப் படிக்கவே முடியவில்லை என்றால், ஆபீஸில் எழுதிக் கொடுத்து, அவர்கள் சோதித்து, அவர்கள் சொல்லி, அவர்கள் கண்முன்னால் அடிப்பது வேறு. ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நாமே அடிப்பது வேறு.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் என்று தனிப் பதிவு 2021-ல் வந்ததே, அதற்குப் போகலாமா என்று கேட்டேன். 1974 மாடல், வயசு சரியாக வருகிறது, நம்பரில் 'வி.ஏ.' என்று பந்தாவாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் எல்லாம் பிறந்தமேனிக்கு இருக்க வேண்டுமாம். எங்கள் ஜீப்பில் டீசல் இன்ஜின், நாகர்கோவில் பாடி. அந்தக் கதவும் சாத்தியது.

கிளம்பும்போது மச்சான் பெருமையாக, "பச்சை பெயின்ட்டு வாங்கிட்டேன் சார், மிலிட்டரி பச்சை" என்றார். பெரியவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆலிவ் பச்சை ராணுவ வண்டிக்கு மட்டும்தான், 121-வது விதி! (நாலு லிட்டர் டின் இப்போதும் ஷெட்டில் இருக்கிறது. யாருக்காவது கேட் அடிக்க வேண்டுமென்றால் சொல்லுங்கள்.)

மறுநாள் காலை நம்பர் வேட்டை. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், சட்டத்தின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். கடற்காற்று முப்பது வருஷமாக அதன்மேல் துருவைப் பூசி, மாமா வருஷத்துக்கொரு தடவை அதன்மேல் கறுப்பு பெயின்ட்டைப் பூசி, அப்பளம் மாதிரி அடுக்கடுக்காகக் கிடந்தது. கிரைண்டர் போட்ட மேஸ்திரியைப் பாதியில் தடுத்தோம். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, மறுபடி ஊறவிட்டு... ஒரு மணி நேரம். அத்தை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தார். முதலில் ஒரு நெடுங்கோடு. அப்புறம் ஒரு வளைவு.

மெல்லிசான காகிதத்தை அதன்மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, மெதுவாகத் தேய்த்தேன். சின்ன வயசில் காசுக்கு மேல் காகிதம் வைத்துத் தேய்த்து ராஜா தலை எடுப்போமே, அதே வித்தைதான். ஆர்.டி.ஓ. ஆபீஸில் இதற்கு சேஸிஸ் பிரின்ட் என்று மரியாதையான பெயர். எண்கள் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழுந்து வந்தன. மச்சான் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். நான் "சரி... சரி..." என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

கடைசியிலிருந்து மூன்றாவது எண்.

"எட்டு" என்றார் மச்சான்.

"மூணு" என்றேன் நான்.

மறுபடி தேய்த்தோம். வேறு காகிதம், வேறு பென்சில். மூன்று. கண்ணாடி வைத்துப் பார்த்தோம். மூன்று. ஆர்.சி.யில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கொட்டை எழுத்தில் எட்டு.

இப்போதைய வண்டிகளில் பதினேழு இலக்க நம்பர். அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றையும் சேர்க்கவே மாட்டார்கள், ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடும் என்று. மூன்றும் எட்டும் குழம்புவதற்கு யார் என்ன பண்ண முடியும்?

யாரும் பேசவில்லை. மாமா வாங்கினதே வேறு ஏதோ வண்டியா? மாமாவை யாராவது ஏமாற்றினார்களா? மாமாவே... சேச்சே! மச்சானின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பாவைப் பற்றி மகன் அப்படி யோசிக்க நேர்வது கஷ்டம்தான்.

மேஸ்திரிதான் தொண்டையைக் கனைத்தார். "அண்ணாச்சி, எட்டுங்கறது என்ன? மூடின மூணுதான? எட்டு நம்பர் பஞ்ச்ச வச்சி ஒரே ஒரு தட்டு. கடவுள் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

கண்டுபிடிக்கலாம் என்று முந்தின நாள்தான் வள்ளியூரில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை ஆன செலவு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அத்தையின் முழங்கால். ஒரே ஒரு தட்டு. "லைட்டா அடிச்சா..." என்று வாயைத் திறந்தது வேறு யாருமில்லை, சாட்சாத் நான்தான்.

மச்சான் பஞ்ச்சை வாங்கி எண்ணின் மேல் வைத்தார். சுத்தியலைக் கேட்டார்.

"ஏல, நில்லு." அத்தை டார்ச்சை அணைத்தார். "அவிய பொட்டியப் பாத்துட்டு என்ன எழவையும் அடிங்க. அந்த மனுசன் பஸ் டிக்கெட்டைக்கூடத் தூரப் போட்டதில்ல."

மாமாவின் தகரப் பெட்டியில் இருந்தது ஒரு மனிதரின் முப்பது வருஷம். தீர்வை ரசீது, உரக்கடை பில், ரேடியோ லைசென்ஸ், யாருக்கோ கொடுத்த ஐம்பது ரூபாய்க்குப் புரோநோட்டு. அடியில், 'ஜீப்' என்று எழுதிய காக்கி உறை. அதற்குள் 1989-ல் பெயர் மாற்றியபோது கொடுத்த படிவத்தின் நகல், அதன் ஓரத்தில் பழுப்பேறிய செல்லோடேப்பில் ஒரு காகிதத் துண்டு. பென்சில் தேய்ப்பு!

மாமாவே தேய்த்து எடுத்த சேஸிஸ் பிரின்ட். துரு ஏறாத காலத்து எழுத்து, ஒவ்வொன்றும் பளிச். கடைசியிலிருந்து மூன்றாவது எண் மூன்று. சந்தேகமே இல்லாத மூன்று. கீழே மாமாவின் கையெழுத்தில், 'டீ, வடை - 3 ரூ.' என்று செலவுக் கணக்கு.

நம்பர் சரி, மாமா சரி, வண்டி சரி. பின்னாளில் ஏதோ ஒரு ஆபீஸில், பழைய புத்தகத்தைப் பார்த்துப் புது ஆர்.சி.க்கு நம்பரை ஏற்றிய யாரோ ஒருவருக்கு மூன்று எட்டாகத் தெரிந்திருக்கிறது. மாமாவும் படித்துப் பார்க்கவில்லை. நாங்கள் மட்டும் அந்த ஒரு தட்டைத் தட்டியிருந்தால் தப்பான பேப்பருக்காக, சரியாக இருந்த ஒரே எண்ணையும் நாங்களே கொன்றிருப்போம்.

மச்சான் பஞ்ச்சைப் பெட்டியில் திரும்ப வைத்தார். கை லேசாக நடுங்கியது. மேஸ்திரி, "நான் அப்பவே நெனச்சேன்" என்றார். என்ன நினைத்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

மத்தியானம் என் பி.காமுக்கு வேலை வந்தது. உரிமையாளர் இறந்துவிட்டதால் வாரிசு பெயருக்கு மாற்ற 31-ம் நம்பர் படிவம். பதிவைப் புதுப்பிக்க 25-ம் நம்பர் படிவம். நம்பரைத் திருத்தக் கோரி ஒரு மனு, கூடவே புது பென்சில் பிரின்ட், பழைய பிரின்ட்டின் ஜெராக்ஸ். புதுப்பிக்கிற கட்டணம் காருக்கும் ஜீப்புக்கும் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வயசு தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000. தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் 500 தனி. எத்தனை மாதம் என்று கூட்டிக்கொண்டே வந்தவன் பாதியில் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மச்சானுக்கு ஒரே நாளில் இரண்டு அதிர்ச்சி வேண்டாமே!

தகடு? கியர் படம் போட்ட அலுமினியத் தகட்டை நான் அடுத்த தடவை சென்னை போனபோது புதுப்பேட்டையில் வாங்கிவந்தேன். அதை மாட்டுவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மூன்று லிவர் இருக்கிற வண்டியில் அது இல்லாமல் முடியாது. ஒன்று கியர், ஒன்று முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுக்க, மூன்றாவது ஹை-லோ. ரிவர்ஸ் இடது பக்கம் மேலே. அது தெரியாமல் முதல் நாள் மச்சான் முன்னால் போக நினைத்து கோழிக்கூட்டைப் பின்னால் போய் இடித்திருக்கிறார். ஃபயர்வாலில் மட்டும் அந்த நாலு ஓட்டையும் அப்படியே. ஆபீஸில் சொல்லட்டும், அப்புறம் பார்ப்போம் என்று விட்டுவிட்டோம்.

தகடு மாட்டின அன்றைக்கு ரோட்டில் ஏறாமல், வீட்டுக்குப் பின்னால் மிச்சமிருக்கிற பனங்காட்டுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினோம். அத்தையை ஏற்ற ஸ்டூல் போட்டோம். முன்சீட்டில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பைக் காற்றுக்கு இழுத்துச் செருகிக்கொண்டார். மேடும் பள்ளமுமாக ஜீப் குதித்தது. ஓலைகளின் சத்தத்தில் இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை அத்தை. இறங்கியதும், "ரேடியேட்டர்ல தண்ணி பாத்தியால?" என்று மட்டும் மச்சானைக் கேட்டார்.

போன வாரம் மச்சான் போன். மனுவைப் பார்த்துவிட்டார்களாம், புதன்கிழமை வண்டியை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம்.

"ஆர்.சி. இல்லாத வண்டிய ரோட்டுல எப்படிடே ஓட்டிக்கிட்டுப் போறது? டிராக்டருக்குப் பின்னால கயறு கெட்டி இழுத்துட்டுப் போலாம்னு இருக்கேன்."

பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"டிராக்டருக்கு ஆர்.சி. இருக்கான்னு மொதல்ல கேளுல!"